வடக்குச் சுவர்

ஓவர்சீயர் கையிலிருந்த பிரம்பால் நிலைக்காலை மூன்று தட்டுத் தட்டினார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, இருபத்திரண்டு நாளாக வெயிலில் நிற்கிற வேப்பமரத்து நிலை அது. மாவிலை காய்ந்து சருகாகியிருந்தது. "இதை யார் இங்கே வைக்கச் சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றாள் மாயக்காள். "அப்ப யாரும் சொல்லாமலே பிடுங்கி அந்தப் பக்கம் வை," என்று வடக்குச் சுவரைப் பிரம்பால் காட்டிவிட்டு, அளவு நாடாவை இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மாயக்காள் கையில் பிசைந்த மண்ணோடு அப்படியே நின்றாள்.

அவருக்கு அது சின்ன விஷயம். நாற்காலியை நகர்த்திப் போடு என்பது மாதிரி சொன்னார். சீமையிலிருந்து வந்தவரா என்றால் இல்லை, தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர்தான். அவர் வீட்டிலும் நாள் பார்த்துத்தான் நிலை நிறுத்தியிருப்பார்கள். நிலைக்கு அடியில் நவதானியமும் ஒரு செப்புக் காசும் போட்டு, சேவல் அறுத்து நிறுத்திய நிலையை, அந்த வீட்டு ஆண்பிள்ளை உயிரோடு இருக்கும்வரை மாயக்காளின் ஊரில் யாரும் அசைப்பதில்லை. அசைத்தால் அவனுக்கு ஆகாது. வீடு இடிந்து விழுந்தாலும் நிலையை மட்டும் நிற்க விட்டு, அதைச் சுற்றித்தான் மறுபடி சுவர் எழுப்புவார்கள். மாயக்காளின் புருஷன் தவசி மதுரை ஜெயிலில் இருந்தான். தை பிறந்தால் வெளியே வருவான். அவன் உள்ளே கிடக்கிற நேரத்தில் அவன் நிலையைப் பிடுங்கச் சொல்கிறார் இந்த மனிதர்.

தவசி செய்த குற்றத்தைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும், பிறகு வயிறு எரியும். பரவைக்கு மேற்கே மூன்று மைலில் இருந்த மேலக்கரைப்பட்டி ரேகைச் சட்டத்துக்குள் வந்த ஊர். அந்த ஊரில் ஆணாகப் பிறந்து மீசை அரும்பினால் போதும், பத்து விரலிலும் மை தடவி உருட்டி எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் சாகும்வரை பொழுது சாய்ந்ததும் போலீஸ்காரர் முன்னால் போய்ப் பெயர் சொல்லிவிட்டு அங்கேயே படுத்து எழுந்து வர வேண்டும். அடுத்த ஊருக்குப் போகச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில் எழுதின நேரத்துக்குள் திரும்ப வேண்டும். தவசி சீட்டு வாங்கிக்கொண்டுதான் பரவைச் சந்தைக்கு ஆடு விற்கப் போனான். திரும்பும்போது ஆற்று மணலில் வண்டியின் அச்சாணி முறிந்தது. அவன் வந்து சேர்ந்தபோது காவல் கூடத்தில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். அதற்கு முன்பே இரண்டு தடவை பிந்தியவன் என்று புத்தகத்தில் இருந்ததாம். ஒரு வருஷம். அச்சாணி முறிந்ததற்கு ஒரு வருஷம் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறதோ தெரியாது, மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரிந்திருந்தது.

இப்படிப்பட்ட சர்க்காருக்குத்தான் அந்தப் பவ வருஷத்தில் திடீரென்று இரக்கம் வந்தது. மேலக்கரைப்பட்டி ஜனங்கள் எலிவளை மாதிரிக் குடிசைகளில் கிடக்கிறார்கள், காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு கொடுத்தால் புத்தி தெளிந்து முன்னேறுவார்கள் என்று யாரோ மேலே எழுதி, பணமும் ஒதுக்கியாகிவிட்டது. ரோட்டோரப் புறம்போக்கில் இருபத்துநாலு குடும்பத்துக்கு இருபத்துநாலு வீடு. கல் அஸ்திவாரத்துக்கும் மரத்துக்கும் ஓட்டுக்கும் சர்க்கார் பணம்; மண் குழைத்துச் சுவர் வைக்கிற உழைப்பு ஜனங்களுடையது. அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, நிலை நின்றால் ஒரு தவணை, ஓடு போட ஒரு தவணை. பழைய குடிசையைப் பிரித்துக் காட்டினால்தான் முதல் தவணையே என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. ஜனங்கள் குடிசையையும் வைத்துக்கொண்டு வீட்டையும் வைத்துக்கொண்டு சர்க்காரை ஏமாற்றிவிடுவார்களாம்.

மாயக்காள் தன் குடிசையைத் தன் கையாலேயே பிரித்தாள். இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, புது மனையின் ஓரத்தில் பனையோலையால் ஒரு சாய்ப்புக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தவசி வருவதற்குள் ஓடு போட்ட வீட்டில் உலை வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவள் நினைப்பு. அவனும் ஆசைப்பட்டவன்தான். ஜெயிலுக்குப் போவதற்கு முந்தின வருஷமே, தன் கொல்லையில் நின்ற வேம்பை வெட்டி, இரண்டு காலும் ஒரு மேல்கட்டையுமாக அறுத்து, பூச்சி அரிக்காமல் இருப்பதற்காகக் கண்மாய்த் தண்ணீரில் அமிழ்த்திக் கல்லேற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். சர்க்கார் கொடுக்கிற வீடு என்று அப்போது யார் கண்டார்கள். என்றைக்காவது ஒரு நல்ல வீடு கட்டுவோம் என்று போட்டு வைத்த மரம். ஆடியில் தண்ணீர் வற்றினதும் மாயக்காள் சேற்றில் இறங்கித் தடவித் தடவி மூன்று கட்டைகளையும் தூக்கி வந்தாள். கருகருவென்று இரும்பு மாதிரி இறுகிப்போயிருந்தது மரம்.

அவள் செய்த தப்பு ஒன்றுதான், அவசரப்பட்டாள். ஊரில் மற்றவர்களுக்கு முன்னால் அவள் சுவர் நிலை மட்டத்துக்கு வந்துவிட்டது. புதன்கிழமை வந்து கயிறு போட்டு வாசலுக்கு இடம் காட்டுகிறேன் என்று சொன்ன ஓவர்சீயர் புதன்கிழமை வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. ஆவணியில் நல்ல நாள் ஒன்றே ஒன்றுதான் மீதி இருந்தது. அதை விட்டால் புரட்டாசி, அந்த மாதம் யாரும் நிலை வைக்க மாட்டார்கள். அதற்கப்புறம் ஐப்பசி மழை. மேல் மூடாத மண்சுவரை மழை விட்டுவைக்குமா. வாசலுக்கு இடம் காட்ட ஓவர்சீயர் எதற்கு, சூரியன் காட்டாதா என்று நினைத்தாள். கிழக்கே பார்த்து நிலையை நிறுத்தினாள். மற்ற இருபத்துமூன்று பேரும் பயந்தவர்கள். நல்ல நாள் போனாலும் போகட்டும் என்று காத்திருந்தார்கள். புரட்டாசி இரண்டாம் வாரம் ஓவர்சீயர் வந்து, பீக்காட்டுக்குப் போகிற பாதையைப் பார்த்தாற்போல வடக்குச் சுவரில் எல்லாருக்கும் வாசலுக்குக் குறி போட்டுக்கொடுத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இருபத்துநாலு வீடும் ஒரே மாதிரி நின்றால்தான் அடுத்த தவணைக்குக் கையெழுத்து என்று சாயங்காலம் போகும்போது சொல்லிவிட்டுப் போனார் அவர். ஒரு வீடு கோணினாலும் ஒருவருக்கும் கிடையாது. அதோடு மாயக்காளின் நிலை ஊர்ப் பிரச்சினையாகிவிட்டது. பொழுது விடிந்தால் யாராவது சாய்ப்புக்கு முன்னால் வந்து நின்றார்கள். முருகம்மாள் அழுதாள், அவள் மகள் நிறைமாதமாக இருந்தாள். வீரணன் ஒன்றும் சொல்லாமல் நிலையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போனான், அது சொன்னதைவிட மோசம். கொழுந்தன் சுருளி மட்டும் உட்கார்ந்து பேசினான். சாமி கும்பிட்டு, பரிகாரம் பண்ணி, பக்குவமாக எடுத்து வைத்தால் என்ன என்று கேட்டான். "ஒங்கண்ணன் செத்துட்டாருன்னு சொல்லு தம்பி, இப்பவே பிடுங்கிப் போடுறேன்," என்றாள் மாயக்காள். சுருளி எழுந்து போய்விட்டான்.

மறுநாள் அவள் மதுரைக்குப் போனாள். பரவை வரைக்கும் நடை, அங்கிருந்து வைக்கோல் வண்டி. திட்டத்துக்கென்று தனியாக ஓர் ஆபீஸ் போட்டிருந்தார்கள். அதன் அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்து தாழ்வாரத்தில் நின்றாள். சேவகன் அவளை மூன்று தடவை விரட்டினான், மூன்று தடவையும் போய்விட்டு வந்து அதே தூணோரம் நின்றாள். மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி வெள்ளைக்காரர் இல்லை, தமிழர்தான். நல்லவர். அதுதான் வயிற்றெரிச்சல்; கத்தினால் பதிலுக்குக் கத்தலாம், அவர் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டார். நம்பிக்கைகளைத் தானும் மதிக்கிறவன் என்றார். நிலையைப் பிடுங்க வேண்டாம், அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மண்ணை வைத்து அடைத்துவிட்டு வடக்கே வேறு வாசல் திறந்துகொள் என்று வழியும் சொன்னார். வாசலை மண் வைத்து அடைப்பது ஆள் அற்றுப்போன வீட்டுக்குச் செய்கிற காரியம் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று மாயக்காளுக்குத் தெரியவில்லை. வடக்கே எதற்கு வாசல் என்று மட்டும் கேட்டாள். காற்றோட்டத்துக்கு என்றார் அவர். சுகாதாரத்துக்கு.

"வடக்க இருந்து வாடதான சாமி வரும்? மழைச் சாரலு பூராம் வீட்டுக்குள்ள அடிக்கும். கோடைக்கு வேணுங்கிற காத்து மேக்கருந்துல்ல வரும்," என்றாள் மாயக்காள்.

அதிகாரி சிரித்தார். பிளான் போட்டவர்கள் படித்தவர்கள் அம்மா என்றார். அதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும், திட்டம் இந்த ஜில்லாவிலேயே முன்மாதிரி என்றும், மார்கழியில் பெரிய துரை ஒருவர் வந்து திறந்து வைக்கப்போகிறார் என்றும், அவளைப் போன்றவர்கள் ஒத்துழைத்தால்தான் இந்த மாதிரி இன்னும் பல ஊருக்குப் பணம் கிடைக்கும் என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் மேஜைமேல் கண்ணாடிக் குவளையில் மூடி போட்டுத் தண்ணீர் இருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நின்றவள் அதைப் பார்த்துக்கொண்டே கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

சேக் இஸ்மாயில் வீடு காஜிமார் தெருவில் இருந்தது. இருபத்துநாலு வீட்டுக்கும் கதவும் கூரைமரமும் செய்து தரக் காண்டிராக்ட் எடுத்த மேஸ்திரி அவர். மேலக்கரைப்பட்டிக்கு வாரத்தில் இரண்டு நாள் வருவார். தவசியின் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, கூலி வாங்காமல் மூட்டு வெட்டிக் கொடுத்தவரும் அவர்தான். மாயக்காள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவர் மனைவி மரியம் பீவி ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீரும், சோறும், தாளிச்ச பருப்பும் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் மாயக்காள் நடந்ததைச் சொன்னாள். காற்றோட்டம் என்ற வார்த்தை வந்ததும் மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். மரியம் பீவி புருஷனையே பார்த்தாள். "சொல்லிருங்க," என்றாள். "அல்லா பாத்துக்கிட்டிருக்கான்."

அவர் எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு நீலத் தாளைச் சுருளாக எடுத்து வந்து விரித்தார். கதவு அளவுக்காக ஆபீஸில் கொடுத்த வரைபடம். வெள்ளைக் கோட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம். ஒரு வரிசை வீடு அடுத்த வரிசை வீட்டை மறைக்காதபடி படிப்படியாகத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தது. வடக்கே, மேடான இடத்தில், தனியாக ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்திலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் மெல்லிசாக ஒரு கோடு ஓடியது. மேஸ்திரி அந்தக் கோடுகளில் ஒன்றின்மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார்.

"இது புதுக் காவல் கூடம், தங்கச்சி. இந்த எடத்துல ஒருத்தன் நின்னான்னா, தலையத் திருப்பாமலே இருபத்துநாலு வாசலயும் பாக்கலாம். எந்த வீட்டுல யார் வாரா, யார் போறான்னு. அதுக்குத்தான் வடக்க."

மாயக்காள் தாளை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்த எழுத்தைப் படிக்கப் படிப்பு வேண்டியதில்லை. மண்ணுக்குள் தண்ணீர் விட்டு மிதித்த நாளெல்லாம் நினைவு வந்தது. சொந்தக் காலாலேயே மிதித்து, சொந்தக் கையாலேயே சுவர் எழுப்பி, சொந்தக் குடிசையையும் பிரித்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் கட்டினது இதைத்தானா. ராத்திரி ஆம்பிளைகளை மட்டும் அடைத்து வைத்தது போதாதென்று, பகலில் பெண்டு பிள்ளைகள் குளிக்கப் போவதையும் எண்ணுவதற்குப் பெயர் முன்னேற்றம். அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், முன்மாதிரி என்கிறார்கள், பெரிய துரை வந்து திறக்கப்போகிறார். மரியம் பீவி அவள் தோளில் கை வைத்தாள்.

"ஒங்களுக்கு இது எப்பண்ணே தெரியும்?" என்று கேட்டாள் மாயக்காள்.

"ஆடியிலயே தெரியும்," என்றார் மேஸ்திரி. பிறகு, கேட்காமலே, நாலு ஆட்கள் கூலிக்கு இருக்கிறார்கள், இந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை என்றார். அது பொய்யில்லை என்று அவளுக்கும் தெரியும். தன் செலவில் அவளுக்கு ஒரு கதவு செய்து தருகிறேன், கிழக்கு வாசலுக்கே செய்து தருகிறேன் என்றார். கதவு வேண்டாம் என்றாள் மாயக்காள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து, தன்னிடம் காட்டியது மாதிரி எல்லாரிடமும் விரலை வைத்துக் காட்டினால் போதும் என்றாள்.

மேஸ்திரி வந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துவிட்டு, மத்தியானம் வெயிலோடு வந்தார். புது மனைக்கு நடுவில் தாளை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார். ஆணும் பெண்ணுமாக எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவர் சொல்லி முடித்ததும் மாயக்காள் எல்லார் முகத்தையும் பார்த்தாள். கொதித்துக் கிளம்புவார்கள், கடப்பாரையை எடுத்து வடக்கு வாசலையெல்லாம் இடித்துத் தள்ளுவார்கள் என்று மதுரையிலிருந்து வருகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள். ஒருவரும் அசையவில்லை. பலபேர் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, பாதிப் பேர் இதை முன்பே ஊகித்திருந்தார்கள் என்று.

சுருளிதான் கடைசியில் வாயைத் திறந்தான். "குடிசையில இருந்தப்ப மட்டும் பாக்காமலா இருந்தான், மதினி? எங்கிட்டு இருந்தாலும் பாக்கத்தான் போறான். ஓட்டு வீட்டுல இருந்தா, பாத்தாலும் ஒழுகாதுல்ல."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. நல்லதைத்தான் சொல்கிறோம் என்ற முகத்தோடு சொன்னான். மாயக்காள் பதில் சொல்ல வாயெடுத்தாள், முருகம்மாளின் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். ஒழுகாத கூரைக்கு எதிராக என்ன நியாயத்தைப் பேசுவது. ஒரு மனிதனை இவ்வளவு காலம் மழையில் நனைய விட்டு, அப்புறம் குடையை நீட்டி, குடைக்கு விலை உன் மானம் என்றால், வாங்கிக்கொள்கிறவனைத் திட்டுவதா. திட்ட வேண்டியவன் இங்கே இல்லை. அவன் மூடி போட்ட தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறான்.

அன்றைக்கே ஓவர்சீயருக்குச் சொல்லி அனுப்பினாள். தனக்கு இந்தத் திட்டம் வேண்டாம், தன் பேரை எடுத்துவிட்டு மற்ற இருபத்துமூன்று பேருக்கும் தவணையைக் கொடுத்துவிட வேண்டியது. ஓவர்சீயர் மறுநாளே சைக்கிளில் பறந்து வந்தார். ஒரு புதன்கிழமைக்கும் வராத மனிதர். அவள் மனப்பூர்வமாகச் சலுகையைத் துறப்பதாக ஒரு காகிதம் எழுதி வாசித்தார். சர்க்கார் கல்லை வைத்து அஸ்திவாரம் போட்டதால் மனையைப் பொங்கலுக்குப் பிறகு சர்க்கார் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. சுவர் என்னுடையது என்றாள் மாயக்காள். சுவரை வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போ என்றார் அவர். பிறகு பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து, இடது கைப் பெருவிரலை நீட்டச் சொன்னார்.

மாயக்காள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "எங்க ஆம்பளைக பத்து வெரலும் ஒங்ககிட்டதான இருக்கு. எங்கைய விடுங்க."

ஓவர்சீயருக்கு முகம் சிவந்தது. ரேகை வைக்காவிட்டால் காகிதம் செல்லாது, காகிதம் செல்லாவிட்டால் யாருக்கும் தவணை கிடையாது என்று குரலை உயர்த்தினார். கூரைமரம் இறக்கிக்கொண்டிருந்த சேக் இஸ்மாயில் வேலையை விட்டுவிட்டு வந்தார். வாயால் சொன்னதற்குச் சாட்சியாக இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும், ஆபீஸில் அப்படி நடந்து நான் பார்த்திருக்கிறேன் என்றார். முதல் கையெழுத்தைத் தானே போட்டார். இரண்டாவதற்கு ஆள் வேண்டியிருந்தது. கூட்டத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்தவன் சுருளி ஒருவன்தான். அவன் பேனாவை வாங்கி, பெயரை எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. எழுதிவிட்டு அண்ணியைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இருபத்துமூன்று வீட்டுக்கும் அதற்குள் ஓடு போட்டாகிவிட்டது. மாயக்காள் சுவர்த் தலையில் பனையோலையை அடுக்கிக் கல் வைத்து மூடியிருந்தாள். ஒருநாள் மேற்குச் சுவர் பாதி சரிந்தது. மழை விட்ட நாளில் திரும்பக் குழைத்து வைத்தாள்; அது காய்வதற்குள் மறுபடி கரைந்தது; மறுபடி வைத்தாள். சுருளியின் பெண்சாதி ஒச்சாயி யாரும் பார்க்காத நேரம் வந்து மண் மிதித்துக் கொடுத்தாள், பெண் பிள்ளைகளைத் தன் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டாள். கார்த்திகையில் பழைய குடிசை மூங்கில்களை மேலே போட்டு ஓலை வேய்ந்தாயிற்று. முருகம்மாளின் மகள் ஓட்டு வீட்டில் ஆண் குழந்தை பெற்றாள். மாயக்காள் போய்ப் பார்த்தாள். வாடை நேரே உள்ளே அடித்தது. வாசலில் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். மதியம் போலீஸ்காரர் வந்து, வாசலை மறைக்கக் கூடாது என்று அந்தச் சாக்கை எடுக்கச் சொன்னார்.

மார்கழி பத்தாம் தேதி பெரிய துரை வந்தார். விடியுமுன்பே எல்லா வடக்குச் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்து, வாசலுக்கு வாசல் தென்னங்குருத்துத் தோரணம் கட்டியிருந்தார்கள். மாயக்காள் வீட்டு வடக்குச் சுவருக்கும் அவளைக் கேட்காமலே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வரிசை கெடக் கூடாதாம். காவல் கூடத்து மேட்டில் பந்தல் போட்டிருந்தது. அதிகாரி சிரித்த முகமாக நின்றார். போட்டோப் பிடிக்கிறவன் முக்காலியை மேட்டின் நடுவில் ஊன்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்து, எல்லா வாசலும் ஒரே பார்வையில் அழகாக விழுகிறது, அந்த முதல் வரிசையில் ஒன்றில் மட்டும் வாசலே இல்லை என்றான். அங்கேயும் ஒரு தோரணத்தைக் கட்டிவிட்டால் தெரியாது என்று அதிகாரி சொல்ல, ஓவர்சீயர் தோரணத்தோடு ஆளை அனுப்பினார்.

தோரணம் கொண்டுவந்தவன் கிட்டே வருவதற்குள், மாயக்காள் கிழக்கு வாசல் வழியாக வெளியே வந்து சுவரைச் சுற்றிக்கொண்டு வடக்கே வந்துவிட்டாள். இடுப்பில் ஒரு கூடை. அதிகாலையிலேயே வைக்கோல் தூள் போட்டுப் பிசைந்து வைத்திருந்த சாணி. ஓர் உருண்டையை எடுத்து, புதுச் சுண்ணாம்பின்மேல் ஓங்கி அறைந்தாள். கையை விரித்து அழுத்தி எடுத்தாள். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சத்தம் மேடு வரைக்கும் கேட்டது. தோரணக்காரன் எங்கே கட்டுவது என்று தெரியாமல் நின்றான்.

அடுத்த வீட்டு வாசலில் புதுச் சேலையோடு நின்ற ஒச்சாயி பதறிப்போய்க் கிட்டே ஓடி வந்தாள். "யக்கா, அங்கிட்டு வெயிலே விழுகாதே. எப்பக் காயும்?"

"மெதுவாக் காயட்டும்," என்றாள் மாயக்காள்.

மேட்டிலிருந்து ஓவர்சீயர் கையை ஆட்டி ஏதோ கத்தினார். பெரிய துரை அதிகாரியிடம் குனிந்து என்னவோ கேட்டார். அதிகாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. ஒச்சாயி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு புதுச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூடைக்குள் கையை விட்டாள். காவல் கூடத்து வாசலில் விறைத்து நின்ற போலீஸ்காரரால், நின்ற இடத்திலிருந்து தலையைத் திருப்பாமலே பார்க்க முடிந்தது. வெள்ளைச் சுவரில் முதல் வரிசை நிறைந்து இரண்டாவது வரிசை ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வறட்டியிலும் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன.